காரணம் எழுத வேண்டிய கட்டம்

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் 'ஒருவேளை'. எதைக் கேட்டாலும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிப்பாள். "ஒருவேளை இன்னைக்கு லேப் இருக்காதோ", "ஒருவேளை நான்தான் தப்பா எண்ணிட்டேனோ." முதலாண்டில் யாரோ கேலிக்கு வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டாமாண்டில் வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியரே வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு வகுப்போடு சேர்ந்து சிரித்தார். அவளுக்கு வருத்தமில்லை. செருப்புக் கடையில் இரண்டு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு கடை சாத்தும்வரை நின்றவள் அவள். கடைசியில் கடைக்காரரே ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

பக்கத்தில் உட்காருகிறவளுக்குப் பெயர் 'அவசரம்'. கேள்வித்தாள் கைக்கு வருவதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிடுகிறவள். இந்த இரண்டு பேரும் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்பது வகுப்புக்கே புரியவில்லை. நிலவியல் படிக்க வந்த முப்பது பேரில் இவர்கள் இருவரும்தான் வேறு படிப்பு கிடைக்காததால் வராமல், கல்லைப் பார்க்கப் பிடித்து வந்தவர்கள். அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவது என்ற யோசனை அவசரத்தினுடையது. அவர்களுடைய துறையில் பாறை பார்க்கும் நுண்நோக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முடியைவிட மெல்லியதாகத் தேய்த்த கல்துண்டைக் கண்ணாடியில் ஒட்டி அதன் தட்டில் வைத்து, தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றச் சுற்ற ஒவ்வொரு கனிமமும் நிறம் மாறும், ஓர் இடத்தில் இருண்டுபோகும். எந்தக் கோணத்தில் இருள்கிறது என்பதை வைத்துத்தான் அது என்ன கனிமம் என்று சொல்ல முடியும். இங்கே இருந்த தட்டு இறுகிப்போய்ப் பல வருடமாகிவிட்டது. கண்ணாடியை விரல் நகத்தால் நெம்பித் திருப்பி, ஏறக்குறைய ஒரு கோணத்தை எழுதிவிட்டு வருவார்கள்.

"இதுக்குப் பேரு படிப்பா?" என்றாள் அவசரம். "நாலு மணி நேரப் பயணத்துல இன்னொரு பல்கலைக்கழகம் இருக்கு. ஆளுக்கொரு மைக்ரோஸ்கோப். நான் விண்ணப்பம் போடப் போறேன். நீயும் போடுற."

"ஒருவேளை..."

"ஒருவேளையெல்லாம் அப்புறம். பாரத்தை எடு."

ஒரு மதியம் நூலகத்தில் உட்கார்ந்து இருவரும் நிரப்பினார்கள். எந்தப் பிரிவு வேண்டும் என்ற இடத்தில் அவசரம் தனக்கு நிலத்தடி நீர் என்று குறித்தாள். "உனக்கு?" என்று கேட்டதற்கு இவள் ஜன்னலைப் பார்த்தாள். "கனிமம்னு போடட்டுமா?" "ஒருவேளை..." "போட்டாச்சு." கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள்: எங்கள் பல்கலைக்கழகத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்? இவள் முக்கால் மணி நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவசரம் பொறுமை இழந்து தாளைப் பிடுங்கி, தன்னுடையதை எழுதி முடித்த கையோடு இவளுடையதையும் எழுதினாள். நாலு தடவை அடித்து அடித்து எழுதினாள். படித்துப் பார்த்தபோது இவளுக்கே நெஞ்சு கனத்தது. ஒரு கல்லுக்குள் இத்தனை கோடி வருடம் உட்கார்ந்திருப்பதை நின்று பார்க்க ஆசைப்படும் ஒரு பெண் அந்தத் தாளில் இருந்தாள். 'இது நான்தானா' என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை இருவருக்கும் பதில் வந்தது. அவசரத்துக்கு இடம் இல்லை. இவளுக்கு இருந்தது.

பதினோரு நாளுக்குள் மாற்றுச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும் என்று கடிதம் சொன்னது. இங்கே சான்றிதழ் வாங்கிவிட்டால் இங்கிருக்கும் இடம் போய்விடும். திரும்பி வர முடியாது.

அவசரம் கடிதத்தை வாங்கிப் படித்தாள், மடித்துக் கையில் கொடுத்தாள். "நல்லதுடி. போ," என்றாள். மறுநாள் அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தாள்.

யாருடைய ஆசை இது? மாறிப் போக வேண்டும் என்று துடித்தவள் வேறு ஒருத்தி. எழுதியவளும் அவளே. இடம் மட்டும் தனக்கு. அடுத்தவள் இலையில் கை வைத்ததுபோல் இருந்தது. சரி, வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்று பார்த்தால், விட்டுவிடுவதற்கும் மனம் வரவில்லை. அது ஏன் என்றும் தெரியவில்லை. போக ஆசையா, அல்லது கிடைத்ததை விடக் கூடாதென்ற வெறும் பிடிவாதமா? தாளில் இரண்டு கோடு போட்டு ஒரு பக்கம் போக, ஒரு பக்கம் இருக்க என்று எழுதிப் பார்த்தாள். 'வீடு' என்பதை முதலில் இருக்கும் பக்கத்தில் எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து அதை அடித்துப் போகும் பக்கத்தில் எழுதினாள். பிறகு தாளைக் கிழித்துப் போட்டாள்.

வீட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. அவளுடைய அம்மா அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் அலுவலகத்தில் ஏழாம் எண் ஜன்னலில் உட்காருகிறவர். அந்த ஜன்னலின் வேலை மாற்றுச் சான்றிதழ் கொடுப்பது. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறார். மாணவர்கள் அவரை முத்திரை அம்மா என்பார்கள். யார் வந்தாலும் பாரத்தைச் சரிபார்ப்பார், முத்திரை குத்துவார், "நல்லா இரும்மா," "நல்லா இருப்பா," என்று சொல்லி அனுப்புவார்.

வேறு பல்கலைக்கழகம் இடம் கொடுத்தால் அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று ஏழாம் எண் ஜன்னலுக்கும் வரும். இது மகளுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. 

அன்று அம்மா வேலை முடிந்து வந்தார். கை கால் கழுவினார். சாப்பாடு போட்டார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்றார். அவ்வளவுதான். புதன்கிழமையும் அப்படியே. ஒருவேளை பிரதி இன்னும் வரவில்லையோ? வந்து மேசைக் குவியலில் கிடக்கிறதோ? வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அவள் மேசைமேல் ஒரு நீல உறை இருந்தது. உள்ளே அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் மும்மூன்று பிரதிகள், பிறப்புச் சான்றிதழ் முதல் போன பருவத்து மதிப்பெண் பட்டியல் வரை, ஓரம் சமமாக அடுக்கிக் கிளிப் போட்டு. ஒரு சொல் இல்லை. ஒரு சீட்டு இல்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்து அந்த உறையைப் பார்த்தாள். போ என்கிறாரா? சொல்லாமல் மறைத்துவிட்டாயே என்று குத்திக் காட்டுகிறாரா? இல்லை, பிரதி எடுத்து வைப்பது அம்மாவின் பழக்கம் என்பதால் எடுத்து வைத்தாரா? மளிகைச் சீட்டைக்கூடப் பிரதி எடுக்கிறவர்தான் அம்மா.

அப்பா வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சனிக்கிழமை காலை அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"உங்கம்மா செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டா. 'அவளா சொல்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது'ன்னு எனக்குப் பூட்டுப் போட்டுட்டா. நாலு நாளா தொண்டையில மீன்முள் மாட்டின மாதிரி இருக்கேன் நான்."

"நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?"

"நானா? நான் என்னத்த நினைக்கிறது கண்ணு. கிளட்சைப் பாதி அமுக்கிட்டு நின்னா வண்டி உறுமும், நகராது. என்கிட்ட வர்றவங்க பாதிப் பேரு அப்படித்தான் நிப்பாங்க. அவங்களுக்கு என்ன சொல்லுவேன் தெரியுமா?"

"என்ன சொல்லுவீங்க?"

"முதல்ல ரோட்டைப் பாருங்கன்னு சொல்லுவேன். நீ அந்த இடத்தைப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. ஒரு படம்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலை அப்பா தன் பயிற்சி வண்டியிலேயே அவளைப் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அவள் பக்கத்தில், கற்றுக்கொடுப்பவருக்கென்று வைத்திருந்த இரண்டாவது பிரேக்கில் அவளுடைய கால் தன்னையறியாமல் பட்டுப் பட்டு வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றது. "காலை எடும்மா, நான் இன்னும் உயிரோட வீடு திரும்பணும்," என்றார் அப்பா.

நாலு மணி நேரம். இறங்கியதும் வழி தெரியவில்லை. மூன்று பேரைக் கேட்டதில் மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டினார்கள். கட்டடங்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மாணவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அவளைத் தூணைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போனார்கள். விடுதி அறை ஒன்றைக் கதவிடுக்கில் பார்த்தாள். மூன்று கட்டில், எதிரே சுவரைப் பார்க்கும் ஜன்னல். சரிதான், இங்கே எனக்கு என்ன வேலை, இருக்கிற இடத்திலேயே இருந்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள். அந்த முடிவு அலுவலக வாசல்வரை தாங்கியது.

சேர்க்கைப் பிரிவில் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்த ஒருவர், தலையைத் தடவி அதைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் தான் யாரென்று சொல்லிவிட்டு, மனதை அரித்த கேள்வியைக் கேட்டாள்.

"சார், என் கட்டுரையைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தீங்களா?"

"எந்தக் கட்டுரை?"

"ஏன் சேர விரும்புறீங்கன்னு எழுதச் சொன்னீங்களே."

அவர் கோப்பைப் புரட்டினார். "கனிமப் பிரிவுல ஒரு இடம் காலி. கேட்டது மூணு பேர். மார்க் உங்களுக்குத்தான் அதிகம். அவ்வளவுதாம்மா."

"என் ஃபிரெண்டுக்குக் கிடைக்கலை. நிலத்தடி நீர் கேட்டிருந்தா."

"அதுல காலி இடமே இல்லையே. கேட்ட எல்லாருக்கும் இல்லைன்னுதான் போயிருக்கும்."

"அப்போ கட்டுரை?"

"அதுவா? கோப்புல பத்திரமா இருக்கு," என்றார் அவர், அவளுக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். நெஞ்சில் இருந்த ஒரு கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. கட்டுரையால் வந்த இடம் இல்லை என்றால் இது அவளுடையதுதான். அப்படியானால் வேண்டுமா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். தோழி பேரைச் சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் போய்விட்டது.

திரும்பும் பேருந்துக்கு நேரம் இருந்ததால் ஆய்வகத்தை எட்டிப் பார்த்தாள். வரிசையாக மேசைகள், மேசைக்கொரு நுண்நோக்கி, ஒவ்வொன்றுக்கும் துணி உறை. கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரைத் தேடுறம்மா?"

"யாரையும் இல்லைக்கா. சும்மா... ஒருவேளை இங்க சேருவேனோ என்னவோ."

"சேருவியோ என்னவோவா?" அக்கா சிரித்தார். "வா, வந்து உட்கார்ந்து பாரு. சாயங்காலம்தான் வகுப்பு. அது வரைக்கும் இதெல்லாம் சும்மாதான் கிடக்கும்."

ஒரு கண்ணாடியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அவள் குனிந்து கண்ணை வைத்தாள். பழக்கத்தில் நகத்தால் நெம்பப் போனவள், நிறுத்தி, தட்டின் விளிம்பைத் தொட்டாள். அது எண்ணெய் போட்ட கதவுபோல் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. சாம்பல் பட்டைகள் கறுத்தன, கறுத்தவை வெளுத்தன. மூலையில் ஒரு துணுக்கு நீலமாகி, மஞ்சளாகி, மெல்ல அணைந்தது. அணைந்த இடத்தில் விளிம்பிலிருந்த எண்ணைப் படித்தாள். ஏறக்குறைய இல்லை. சரியான எண். இன்னொரு துணுக்கைப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. கைப்பையிலிருந்து தாள் எடுத்து எண்களை எழுதத் தொடங்கினாள். அக்கா மூன்று தடவை கண்ணாடி மாற்றிக் கொடுத்ததும், இரண்டு மணிப் பேருந்து போனதும் அவளுக்குத் தெரியாது.

அடுத்த பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பழையபடி ஆரம்பித்துவிட்டது. ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது என்பதற்காக வீட்டை விட்டுப் போவார்களா? ஒருவேளை புதிது என்பதால் பிடித்ததோ? ஒருவேளை அந்த அக்கா அன்பாகப் பேசியதால் பிடித்ததோ? வீடு வந்து சேர்வதற்குள் மனதுக்குள் நான்கு தடவை போனாள், ஐந்து தடவை போகாமல் இருந்தாள்.

மறுநாள் நூலகப் படிக்கட்டில் அவசரத்தை மறித்து நிறுத்தினாள். நடந்ததைச் சொன்னாள்.

 "அப்போ நான் நாலு தடவை அடிச்சு அடிச்சு எழுதினதை ஒருத்தர்கூடப் படிக்கலையா?"

"கோப்புல பத்திரமா இருக்காம்."

அவசரம் வெடித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அது சிரிப்பில் வந்ததில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

"சிரிக்க வைக்காத. நான் உன்மேல கோபமா இருக்கேன்."

"தெரியும். நான் போகட்டுமாடி?"

"என்னைக் கேட்காத. நீ போனா எனக்குக் கோபம் வரும். போகலைன்னா, கிடைச்சதை விட்டுட்டியேன்னு அதைவிடக் கோபம் வரும். ரெண்டுலயும் கோபம்தான். அதனால என்னை வச்சு முடிவு பண்ணாத." புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

பத்தாவது நாள் வந்தது. மறுநாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அவள் மாற்றுச் சான்றிதழ் பாரத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு, நீல உறையோடு ஏழாம் எண் ஜன்னல் வரிசையில் நின்றாள். முன்னால் ஆறு பேர். முடிவு செய்துவிட்டுத்தான் நின்றாள் என்று சொல்ல முடியாது. வரிசை போகிற வேகத்தில் யோசித்துக்கொள்ளலாம் என்று நின்றாள். அம்மா வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்தார்.

அவள் முறை வந்தது. அம்மா அவளைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார். மற்றவர்களிடம் பேசும் அதே குரலில், "காரணம் எழுதுற கட்டம் காலியா இருக்கேம்மா," என்றார்.

"தெரியலைன்னு எழுதலாமா?"

"மேல போனா திருப்பி அனுப்பிடுவாங்க."

"மத்தவங்க என்ன எழுதுவாங்க?"

"குடும்பச் சூழ்நிலைன்னு எழுதுவாங்க. இல்லைன்னா உடல்நிலை. பாதி பொய்தான். நான் கேட்டுக்கிறதில்லை."

பின்னால் நின்ற ஒருவன் தொண்டையைச் செருமினான். அவள் ஜன்னலுக்குள் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள். "அம்மா, அந்த நீல உறை... போன்னு சொல்லத்தானே வச்ச?"

அம்மா மையொற்றும் பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். "போன்னு சொன்னா துரத்துற மாதிரி இருக்கும். இருன்னு சொன்னா கட்டிப்போடுற மாதிரி இருக்கும். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அதான் பிரதி எடுத்தேன்."

 அவளுக்குள் ஏதோ ஒன்று லேசானது. இத்தனை நாளும் அம்மாவிடம் ஒரு பதில் இருக்கிறது, அதை மறைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவரிடமும் இல்லை. யாரிடமும் இல்லை. பேனாவை எடுத்தாள். அந்தக் கட்டத்தில், 'அங்கே தட்டு சுழல்கிறது' என்று எழுதி நீட்டினாள்.

அம்மா படித்தார். "எந்தத் தட்டு?"

"நுண்நோக்கியில இருக்கிற தட்டு."

"சாப்பாட்டுத் தட்டுன்னு நினைப்பாங்க. அடிச்சுட்டு ஆய்வக வசதின்னு எழுது."

எழுதினாள். அம்மா முத்திரையை மையில் ஒற்றி எடுத்துக் குத்தினார். அது நேராகத்தான் விழுந்தது.  "நல்லா இரும்மா," என்றார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்து, "அடுத்தது," என்றார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று இந்த இடத்தில் சொல்லிவிட்டால் அது உண்மையாக இருக்காது. புது இடத்தில் முதல் பருவத்தில் அவள் இரண்டு பாடத்தில் தோற்றாள். முதல் வாரம் வழி தவறி வேறு துறை வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, பாதி புரிந்ததுபோல் குறிப்பும் எடுத்தாள். மூன்றாம் மாதம் தொலைபேசியில் அம்மாவிடம் அழுதாள். "திரும்பி வந்துடறேன்மா. ஏதாவது வழி பாரேன்."

"என் ஜன்னல் வெளியே அனுப்புற ஜன்னல்," என்றார் அம்மா. "உள்ளே சேர்க்கிறது எட்டாம் நம்பர். அந்த அம்மா லீவு. எப்போ வருவாங்கன்னு தெரியலை." எட்டாம் எண்ணில் அப்படி யாரும் லீவில் இல்லை என்று அப்பா வெகுநாள் கழித்துச் சொன்னார்.

அவசரம் ஐந்து மாதம் பேசவில்லை. ஆறாம் மாதம் அழைத்து, நலம்கூட விசாரிக்காமல், ஒரு கனிமத்தின் இருளும் கோணத்தைக் கேட்டாள். இவள் சொன்னாள். "சரி," என்று தோழி வைத்துவிட்டாள். அடுத்த வாரம் இன்னொரு கோணம் கேட்டாள். அப்படியே மெல்ல மெல்லப் பேச்சு ஒட்டிக்கொண்டது. அவசரம் மறுபடி எங்கும் விண்ணப்பிக்கவில்லை. பழைய இடத்திலேயே முடித்து, குடிநீர் வாரியத்தில் கிணறு தோண்டும் இடம் பார்த்துச் சொல்லும் வேலைக்குப் போனாள்.

ஒருவேளைக்கு இப்போது முப்பத்தொரு வயது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரிலேயே, கட்டடக் கல்லைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை. எந்தக் கல் பாரம் தாங்கும், எது சில வருடத்தில் உதிரும் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள். அவள் கையெழுத்துப் போட்ட கல் ஏமாற்றியதில்லை என்று மேற்பார்வையாளர் சொல்வார். கல்லைப் பற்றி எழுதும் அறிக்கையில் அவள் 'ஒருவேளை' என்று எழுதுவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அது உண்டு.

போன வருடம் அவசரம் ஒரு பயிற்சிக்காக அந்த ஊருக்கு வந்தாள். இவள் அவளைப் பல்கலைக்கழகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சாம்பல் கட்டடங்களையெல்லாம் காட்டினாள். தோழி எல்லாவற்றையும் பார்த்தாள். திரும்பப் பேருந்துக்கு நிற்கும்போது, "இந்த ஊர் எனக்குச் சரிப்பட்டிருக்காதுடி. நல்லவேளை கிடைக்கலை," என்றாள்.

அது உண்மையா, தன் மனம் நோகக் கூடாதென்று சொன்னதா என்று இவளுக்குத் தெரியவில்லை. கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேருந்து வந்தது. தோழி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அது நிற்பதற்குள் ஓடிப் போய் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து கை காட்டினாள். இவளும் காட்டினாள்.